கடலுக்கு மதில் கட்டியவர்கள்

ஸ்காபரோவில் வசிக்கும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்து முடிந்ததும் விடயத்துக்கு வந்தார். "மெக்சிக்கோவுக்குப் போறம். பிளாயா டெல் கார்மன் எண்ட இடம். நாலு இரவு. எந்த ஹோட்டல் நல்லது? நீர் போய் வந்தனீர்தானே." தாம் தெரிவுசெய்து வைத்திருந்த ஆறு விடுதிகளின் பெயர்களையும் வாசித்தார். ஆறும் கடலை நேரே பார்த்தவை. ஆறும் உணவு, பானம், கேளிக்கை யாவும் ஒரே கட்டணத்தில் அடங்கியவை. ஆறுக்கும் தத்தமக்கெனத் 'தனியார் கடற்கரை' உண்டென்று விளம்பரம் சொல்கிறதாம்.

ஆறும் வேண்டாம் என்றேன். மறுமுனையில் சிறிது மௌனம். பிறகு, "உமக்கு எதிலும் எதிர்ப்புத்தான்" என்றார். முப்பது வருடங்களாக அவர் என்னைப் பற்றிச் சொல்லிவருவது இது. தொலைபேசியில் விளக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் 'தனியார் கடற்கரை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மெக்சிக்கோவில் அப்படியொன்று இல்லை. சட்டப்படி இல்லை. அந்நாட்டின் கடற்கரைகள் தேசத்தின் சொத்து, எவரும் பயன்படுத்தலாம். கடற்கரையை ஒட்டி நிலப்பக்கமாக இருபது மீற்றர் அகலமுள்ள பட்டியும் மத்திய அரசுக்கே உரியது. அந்தப் பட்டியில் கதிரை போடவும் குடை நாட்டவும் விடுதிக்காரர் அனுமதி பெறலாம். அனுமதி என்பது உரித்து அன்று. 2020 ஒக்டோபரில் சட்டத்தைத் திருத்தி, கடற்கரைக்குச் செல்லும் வழியை மறிப்போருக்குத் தண்டப்பணமும் விதித்தார்கள். வேறு பொதுவழி இல்லாத இடங்களில் அயலிலுள்ள காணிக்காரர் தமது காணியினூடாகவேனும் வழிவிட வேண்டும் என்கிறது அச்சட்டம். அப்படியொரு திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். மறித்தார்கள், ஆகையால் தேவைப்பட்டது.

இதைச் சட்டப் புத்தகத்தில் மட்டும் படித்திருந்தால் இவ்வளவு சினந்து எழுதமாட்டேன். நான் கண்ணால் கண்டேன். கண்டபோது எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ரொறொன்ரோவில் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்த சமயம் அவளுடைய மகன் எங்களை அங்கு அழைத்துச் சென்றான். கனடாவாழ் நம்மவருக்கு மெக்சிக்கோ இப்போது கதிர்காமம் போலாகிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை போகாவிட்டால் குறை. விமானமும் விடுதியும் சேர்த்த பொதிதான் பெரும்பாலோரின் வழி. "மாமா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ. சாப்பாடு, குடி, கடல் எல்லாம் உள்ளுக்கையே இருக்கு. வெளியில போகவே தேவையில்லை" என்றான் மருமகன். அன்பினால் சொன்னான். அவனுடைய காசு வேறு. நான் வாய்திறக்கவில்லை.

வரவேற்புக் கூடத்தில் ஒரு பெண் புன்னகையுடன் என் மணிக்கட்டில் நீலநிறப் பட்டியொன்றை மாட்டி அழுத்தினாள். வெட்டினாலன்றிக் கழராது. ஆஸ்பத்திரியில் கட்டுவது போன்றது. அது இருந்தால் எங்கும் எதையும் கேட்கலாம். இல்லையேல் உள்ளே நிற்கவே முடியாது.

அப்போது மே மாதம். அறையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் மாடத்தின் ஓரத்துக்குப் போய்க் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. நீட்டிப் பார்த்தால் படத்திலிருந்த நீலத்தைக் காணவில்லை. கரை நெடுகிலும் கபில நிறத்தில் ஒரு மேடு. சர்காசம் என்னும் கடற்பாசி. 2011 முதல் அத்திலாந்திக்கில் பெருந்திரளாக வளர்ந்து கரீபியக் கரைகளில் வந்து ஒதுங்குகிறது. 2018 இல் அது உச்சத்தைத் தொட்டது என்றார்கள். 2025 இல் அதையும் விஞ்சியது. அழுகினால் கூழ்முட்டை நாற்றம். 2019 முதல் மெக்சிக்கோக் கடற்படையையே இதை அள்ளும் பணிக்கு இறக்கியிருக்கிறார்கள். சித்திரை தொடங்கி ஆவணி வரையில் இதன் தொல்லை பெரும்பாலும் உண்டு. மலிவுப் பொதி ஏன் மலிவு என்பதற்கு ஒரு காரணம் இது. ஆனால் எந்த விடுதியின் விளம்பரத்திலாவது ஒரு கற்றைப் பாசியைக் கண்டிருக்கிறீர்களா? விடுதியின் படத்தைப் பார்க்குமுன் நாட்காட்டியைப் பாருங்கள் என்று நண்பருக்குச் சொன்னதன் பொருள் இதுதான்.

விடிய ஐந்தரைக்குக் கரைக்குப் போனேன். பழக்கதோஷம், ஆசிரியபீடத்தில் இருந்த காலத்திலும் நேரத்தோடு எழுந்துவிடுவேன். பத்துப் பன்னிரண்டு பேர் வாரியாலும் முட்கரண்டியாலும் பாசியை வாரித் தள்ளுவண்டிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாயா முகங்கள். விருந்தினர் எழும்புவதற்குள் கரை வெளுக்க வேண்டும். 2025 இல் மெக்சிக்கோவின் பொதுவான குறைந்தபட்ச நாட்கூலி 278 பேசோவும் சொச்சமும். விடுதியின் கடையில் ஒரு வெயிற்காப்புக் களிம்பின் விலையை அதற்கருகில் வைத்துப் பார்த்தேன். மேலே எழுத மனமில்லை.

அன்று பிற்பகல்தான் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஒரு கிழவி, மகளாயிருக்கக்கூடிய ஒரு பெண், மூன்று சிறுவர்கள், ஒரு குளிர்ப்பெட்டி. அலை நனைக்கும் ஈர மணலில் நடந்துவந்து எங்கள் கதிரைகளுக்கு முன்னால் துணியை விரித்தார்கள். உடனே காவலாளி ஒருவன் விசிலை ஊதிக்கொண்டு வந்தான். அவனும் அவர்கள் நிறத்தவன், அவர்கள் உயரத்தவன். ஏதோ சொன்னான். கிழவி கடலைக் காட்டி ஏதோ சொன்னாள். அவன் கையை வடக்கே நீட்டினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசிப் பையன் மட்டும் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தபடி சென்றான்.

நான் என்ன செய்தேன்? நீலப் பட்டி கட்டிய கையில் எலுமிச்சைப் பானத்துடன் சாய்ந்திருந்தேன். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது என்பது ஒரு சாட்டு. எழுந்து அவர்களோடு நிற்பதற்கு மொழி தேவையில்லை. பாசிக்குடாவில் 2009 இற்குப் பின் விடுதிகள் வரிசையாக எழும்பியபோது, மீனவரின் தோணி இழுக்கும் இடம் ஒடுங்குவதைப் பற்றிக் காரசாரமாக எழுதியவன் நான். வெகு தொலைவில் அதே காட்சி என் முன்னால் நடந்தபோது கதிரையின் சாய்வைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

நிற்க. மெக்சிக்கோக்காரர்களே இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று எவரும் எண்ணவேண்டாம். 2020 பெப்ரவரியில் இதே பிளாயாவில், கரையோரக் கேளிக்கைக்கூடம் ஒன்றன் முன்னால் எதுவும் வாங்காமல் அமர்ந்திருந்த ஒரு தம்பதியைப் பொலிஸார் இழுத்துச்சென்ற காட்சி நாடெங்கும் பரவியது. கூட்டமாகத் திரண்டு வந்து அதே மணலில் பாய் விரித்து மக்கள் மறியல் செய்தார்கள். மேற்சொன்ன சட்டத்திருத்தம் அந்த வருடத்தியதே.

இனி, நண்பரின் வாதங்கள். பாதுகாப்பு என்றார். நியாயமான அச்சம்; நான் அதை ஏளனம் செய்யவில்லை. 2017 ஜனவரியில் பிளாயாவில் ஓர் இசைவிழாவின் இறுதி இரவில் சுட்டதில் ஐவர் மாண்டார்கள். ஆனால் 2022 ஜனவரியில் கனேடியர் இருவர் சுடப்பட்டு இறந்த இடம் எது? தெரு அன்று. அந்நகரை அண்டிய பெருவிடுதி வளாகம் ஒன்றின் உள்ளே. துவக்கு மதிலைப் பார்த்து மரியாதை செய்வதில்லை. பிந்திய இரவில் ஒதுக்குப்புறம் போகாதிருத்தல், போதைப்பொருள் விற்பவனிடம் கதை கொடாதிருத்தல் என்ற சாதாரணப் புத்தி மதிலுக்கு இருபுறமும் ஒன்றுதான்.

அடுத்து, காசு மிச்சம் என்றார். இங்குதான் நம்மவர் ஏமாறுகிறார்கள். நாலு இரவு என்பது எத்தனை பகல்? முதல்நாள் பிற்பகலில் அறை கிடைக்கும்; கடைசி நாள் மதியத்துக்குமுன் வெளியேற வேண்டும். கையில் தேறுவது மூன்று நாள். அந்த மூன்று நாளிலும் முன்பணம் கட்டிய சாப்பாடு ஒரு கயிறு மாதிரி இழுக்கும். வெளியே போய் ஒரு வேளை உண்டால், ஏற்கெனவே கட்டிய காசு வீண் என்ற கணக்கு மனதில் ஓடும். என் மருமகன் காலைச் சாப்பாட்டு மேசையிலேயே மதியத்துக்கான வரிசையைப் பற்றிக் கதைத்தான். ஒரு வாரம், குழந்தை குட்டிகளோடு, ஓய்வு ஒன்றே நோக்கம் என்றால் கணக்கு வேறாகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் நோவுள்ள மூத்தவர்களுக்கும் அப்படித்தான். குறுகிய தங்கலுக்கு அது சிறை. தனி அறைக்கு வாடகை கேட்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: 16 சதவீதப் பெறுமதிசேர் வரியும் மாநிலத் தங்கும் வரியும் சொன்ன விலைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். நகராட்சியின் சுற்றாடல் கட்டணம் என்று இரவுக்கு இவ்வளவு என வரவேற்பு மேசையில் கேட்பார்கள். அது மோசடி அன்று.

மூன்றாம் நாள் காலை மனைவி சொன்னாள்: "இஞ்சாருங்கோ, மெக்சிக்கோவுக்கு வந்தம் எண்டு சொல்லுறதுக்கு ஒரு மெக்சிக்கோக்காரனோட கதைச்சனாங்களே?" வாயிலைக் கடந்து நடந்தோம்.

பிளாயாவின் சிறப்பு இதுதான்: அது ஓர் ஊர். கன்கூன் அப்படியன்று. 1970 இல் மத்திய வங்கியின் அதிகாரிகள் வரைபடத்தில் வரைந்து கட்டத் தொடங்கிய நகரம் அது. கடலோர மணல்தீவு விடுதிகளுக்கு, உள்நிலம் தொழிலாளருக்கு என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டார்கள். அங்கே கடலோரத்தில் தங்குவதென்றால் ஊருக்கு வெளியே தங்குவதுதான். 2005 ஒக்டோபரில் வில்மா சூறாவளி அந்த விடுதிகளின் முற்றத்து மணலைத் துடைத்துச் சென்றது. கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டினார்கள். அதுவும் கரைய, 2009 இற்கும் 2010 இற்கும் இடையில் மீண்டும் கொட்டினார்கள். இயற்கையான மணல்மேட்டை இடித்துக் கட்டடம் எழுப்பினால் மணல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

பிளாயாவோ மீனவக் கிராமமாகவும் கொசுமெல் தீவுக்குப் படகேறும் துறையாகவும் இருந்து வளர்ந்தது. ஐரோப்பியர் வருவதற்கு முன்னரும், கொசுமெலிலிருந்த இஷ்செல் தேவியைத் தரிசிக்க மாயா யாத்திரிகர் தோணி ஏறிய துறை அது. வீதிகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. கடலுக்கு இணையானவை ஐந்து, பத்து, பதினைந்து என்று எண்ணப்படும். ஐந்தாம் வீதிக்கும் கடலுக்கும் நடுவில், இரண்டு மூன்று மாடிக்கு மேற்படாத சிறு விடுதிகள் உண்டு. பத்தாம் வீதியில் தங்கினாலும் கடலுக்கு ஐந்து நிமிட நடை, வாடகை இறங்கும். தென்புறத்தில் வாயிற்காவலுடன் அமைந்த வளாகப் பகுதி வேறு; நண்பரின் ஆறில் நான்கு அங்கேதான்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் வெள்ளையடித்த சின்னஞ்சிறு தேவாலயம் ஒன்று. ஊருக்குப் பெயர் கொடுத்த கார்மேல் மாதாவுக்கு உரியது. பீடத்தின் பின்னே சுவருக்குப் பதில் கண்ணாடி, அதனூடே கடல். எதிரே பொதுப் பூங்கா, அதைத் தாண்டினால் மணல். விசில் இல்லை. ஊர்ச் சனம் குளிர்ப்பெட்டிகளுடன் அமர்ந்திருந்தது. பாசி அங்கும் கிடந்தது; சிறுவர்கள் அதன்மேல் குதித்து விளையாடினார்கள். தாங்கமுடியாதவர்கள் முக்கால் மணிநேரம் படகேறினால் கொசுமெலின் மேற்குக் கரை. பெரும்பாலும் அங்கே பாசி ஒதுங்குவதில்லை. வளாகத்தினுள் எங்களுக்கு இதை எவரும் சொல்லவில்லை.

உட்தெருவொன்றில், நிழலுக்குத் தகரம் போட்ட கடையில், நாரத்தஞ்சாறும் அச்சியோத்தேயும் தடவி வாழையிலையில் பொதிந்து வேகவைத்த பன்றியிறைச்சியைச் சோள ரொட்டியில் வைத்துத் தந்தார்கள். பக்கத்தில் ஆபனேரோ மிளகாய்ச் சம்பல். இரண்டு நாளாக விடுதியில் உறைப்பென்று ஒன்றைக் காணாத எனக்கு கண்ணால் நீர் வழிந்தது. மிளகாயை உலகுக்குக் கொடுத்த நாட்டில், விருந்தினருக்குப் பயந்து அதை ஒளித்து வைத்திருந்தார்கள். கடைக்காரி என் மணிக்கட்டுப் பட்டியைப் பார்த்துச் சிரித்தாள். பின் தன் காய்கறிக் கத்தியைக் காட்டி, வெட்டட்டுமா என்று சைகையால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். இரவு உணவு அங்கே கட்டியாயிற்றே.

நண்பருக்கு இவற்றில் பாதியைச் சொன்னேன். "மனுசி சம்மதிக்கமாட்டா" என்றார். அவர் மனைவியிடமே தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். தேவாலயத்தின் கண்ணாடியைப் பற்றி இரண்டுமுறை கேட்டார். விமான நிலையத்திலிருந்து பேரூந்து உண்டா என்றார். உண்டு, ஐந்தாம் வீதி முனையிலேயே இறக்கிவிடுவான், ஒரு மணிநேரம் எடுக்கும் என்றேன். பூசை எத்தனை மணிக்கு என்றார். அதை நான் பார்த்துக்கொண்டு வரவில்லை.