காய் முற்றட்டும்

கடுகுக் குடும்பக் களைகள் பற்றி நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் சான்று மாதிரி பெரும்பாலும் பூவோடு நின்றுவிடுகிறது. நான்கு இதழ்கள், ஆறு மகரந்தத்தாள்கள், அவற்றில் நான்கு நெடியவை, இரண்டு குட்டை. குடும்பத்தைச் சொல்ல இது போதும். சிற்றினத்தைச் சொல்லப் போதாது.

காட்டு முள்ளங்கியான ராபானஸ் ராபானிஸ்ட்ரத்தையும் காட்டுக் கடுகான சினாப்பிஸ் ஆர்வென்சிஸையும் எடுத்துக்கொள்வோம். புல்லி இதழ்கள் நிமிர்ந்திருந்தால் முந்தையது, விரிந்திருந்தால் பிந்தையது என்று வயலில் பிரிக்கலாம். அழுத்தி உலர்த்திய மாதிரியில் அது அவ்வளவு எளிதல்ல. காய் பிடித்துவிட்டால் குழப்பமே இல்லை. காட்டுக் கடுகின் காய் இரண்டாக வெடித்து, நடுவிலுள்ள மெல்லிய போலித் தடுப்பு மட்டும் காம்பில் நிற்கும். காட்டு முள்ளங்கியின் காய் வெடிக்காது. மணிமாலைபோல் இடுங்கிய இடங்களில் துண்டுதுண்டாக ஒடியும்.

மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமை விவசாயிகளுக்கு அந்தத் துண்டுதான் தலைவலி. அளவில் கோதுமை மணியை ஒத்திருப்பதால் சலித்தாலும் எளிதில் பிரியாது. கெட்டியான காய்ச்சுவர் விதையின் உறக்கத்தை நீட்டிக்கிறது. பல களைக்கொல்லிகள் இந்தச் செடியிடம் இப்போது பலிப்பதில்லை. ஆனாலும் அறுவடைவரை காய்களில் பெரும்பகுதி செடியிலேயே தங்கிவிடுகிறது. டார்கன் ஊர் விவசாயி ரே ஹாரிங்டன், பதரோடு வரும் களைவிதையை நொறுக்கும் இயந்திரத்தை உருவாக்கியது இந்த இயல்பை நம்பித்தான்.

அதே காயை வைத்து உறவுமுறை பேசினால் சறுக்கும். வெடிப்பதும் வெடிக்காததும் இக்குடும்பப் பரிணாமத்தில் பலமுறை தனித்தனியே மாறியிருக்கின்றன. காய் வடிவத்தால் பிரித்து வைத்திருந்த கொரோனோபஸ், கார்டேரியா பேரினங்களை 2002-இல் அல்-ஷெபாஸ் குழுவினர் லெபிடியத்தில் சேர்த்தனர். வட இந்தியக் கோதுமை வயல்களில் நாம் பார்க்கும் கொரோனோபஸ் டிடிமஸ் இன்று லெபிடியம் டிடிமம். பிராசிக்கா நைக்ராவோ, பெயரளவில் சொந்தமான பிராசிக்கா ராபாவைவிடக் காட்டுக் கடுகுக்கே நெருங்கியது என்கிறது பசுங்கணிக டி.என்.ஏ. களைக்கொல்லி எதிர்ப்பு மரபணு எந்தச் செடிக்குத் தாவும் என்று கணிப்பவர்கள் பேரினப் பெயரை மட்டும் நம்பக் கூடாது.

ஆகவே இனி முற்றிய காயுடன் கூடிய ஹெர்பேரியம் மாதிரியையும், புதுப் பெயருடன் பழைய பெயரையும் கேட்போம். நாற்றுப் பருவத்திலேயே மருந்து தெளிக்கும் ஆய்வில் காய்க்கு எங்கே போவது என்று சிலர் கேட்கக்கூடும். ஓரத்தில் ஒரு சதுர மீட்டரைத் தெளிக்காமல் விடுங்கள். காய் உதிருமுன் பிடுங்கிவிடுங்கள்.