‘மாத்திப் பார்ப்போம்’ என்பவர்களோடு ஒரு சண்டை

கராஜில் வண்டியை விட்டால் காதில் விழும் முதல் வசனம் இதுதான்: “பிளக்க மாத்திப் பார்ப்போம்.” அதற்குப் பிறகு கொயில். அதற்கும் பிறகு காபரேட்டர். ஒவ்வொரு ‘பார்ப்போ’முக்கும் ஒரு பில். பார்த்தது யார், என்ன பார்த்தார் என்று மட்டும் கேட்கக்கூடாது. இந்த வசனத்தோடு எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, இன்றைக்கு அதைத் தீர்க்கப் போகிறோம்.

எங்களில் ஒருவனுடைய அப்பா பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஹயர் ஓடுகிறார். நாங்கள் எல்லாரும் மாமா என்று கூப்பிடுகிறோம். அவரிடம் இருப்பது டொயோட்டா டிஎக்ஸ் வேகன், எண்பதுகளில் வந்த 1300 சிசி பெற்றோல் வண்டி. எங்கள் எல்லாரையும் விட அதற்கு வயது கூட. பள்ளிக்கூடப் பிள்ளைகள், சீட்டுக்காசு எடுக்கப் போகிறவர்கள், கலியாண வீட்டுச் சாமான், ராத்திரியில் வயிற்றுவலிக்காரர் என்று அந்த லயங்களுக்கு எல்லாமே அந்த வேகன்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், கார்களுக்குத் திரும்பத் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டியை வைத்திருந்தவனுக்கு அதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. ‘பழசத் தள்ளிட்டுப் புதுசு எடுங்க’ என்று சொல்கிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அந்த மார்கழி மழையில் வேகன் மிஸ் அடிக்கத் தொடங்கியது. சமதரையில் ஓடும், ஏற்றத்தில் குலுங்கும். காலையில் மோசம், மத்தியானம் சுகம். ஒரு விடிகாலை பிரசவ வலி வந்த ஒரு அக்காவை ஏற்றிக்கொண்டு போகும்போது, மெயின் ரோட்டுக்கு ஏறும் வளைவில் மூச்சை விட்டது. பின்னால் வந்த லொறிக்காரர் நிறுத்தினதால் தப்பினார்கள். அக்காவும் பிள்ளையும் சுகம். மாமா அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு முதலே மூன்று கராஜ் ஏறி இறங்கியிருந்தார். முதலாவது இடத்தில் நாலு பிளக்கும் புதுசு. இரண்டாவது இடத்தில் கொயில். மூன்றாவதில் காபரேட்டரைக் கழற்றி, கிட் போட்டு, சேர்வீஸ். மொத்தம் 28,000 ரூபாய்க்குக் கிட்ட. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இது இருபது நாளுக்கு மேல் கொழுந்து பறித்த காசு. வண்டி அப்படியேதான் மிஸ் அடித்தது.

இங்கேதான் எங்களுக்குக் கோபம். கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். அதிகம் தெரியாதுதான். ஆனால் உயர்தரத்தில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்றொரு பாடம் படித்தோம். ஜோன் ஸ்டுவர்ட் மில் 1843இல் எழுதிய முறைகளை மனப்பாடம் பண்ணி, எழுதி, மறந்தோம். மறக்காமல் இருந்திருந்தால் அந்த 28,000இல் பெரும்பகுதியை வெறும் யோசனையாலேயே மிச்சம் பிடித்திருக்கலாம்.

யோசித்துப் பாருங்கள். நாலு சிலிண்டர். ஒன்றுதான் வேலை செய்யவில்லை, மற்ற மூன்றும் ஒழுங்கு. கொயில் எத்தனை? அந்த வண்டியில் ஒன்றே ஒன்று, நாலுக்கும் பொது. காபரேட்டர்? அதுவும் ஒன்று, நாலுக்கும் பொது. பொயின்ட், கண்டென்சர், ரோட்டர் எல்லாமே பொது. பொதுவான சாமான் கெட்டால் நாலுக்கும் நோவு வரவேண்டும். ஒன்றுக்கு மட்டும் நோவு என்றால் அந்த ஒன்றுக்கென்று இருக்கிற சாமானில்தான் தேடவேண்டும்: அதன் பிளக், அதன் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் அதன் கால், அதன் வால்வு, பிஸ்டன், அதற்குக் காற்று போகிற வழியில் ஏதாவது கசிவு. இதைத் தெரிந்துகொள்ள ஸ்பேனர்கூட வேண்டாம். ‘எந்த சிலிண்டர்?’ என்ற ஒரு கேள்வி போதும். மூன்று கராஜிலும் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்டவர் நாலாவது ஆள். பழைய தோட்டத்து பெக்டரியில் மெசின் ரூமிலும் லொறியிலும் வேலை பழகின பெரியவர். தகரக் கொட்டகைதான் அவர் கராஜ், போர்ட் கிடையாது. மாமா மத்தியானம் கொண்டுபோனபோது அவர் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. “இப்ப பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி. ராத்திரி வண்டிய வெளிய மழையில நிப்பாட்டி வைங்க. தொடைக்காதீங்க. காலைல ஆறு மணிக்கு கொண்டாங்க.”

நோய் இருக்கும்போதுதான் நோயைப் பார்க்கவேண்டும். இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்க மாமாவுக்கு இரண்டு மாதம் ஆனது.

காலையில் எஞ்சினை ஓடவிட்டு, துணி காயப்போடுகிற மரக்கிளிப் ஒன்றால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றைக் கழற்றினதும் எஞ்சின் தளர்ந்தது, போட்டதும் எழும்பியது. இரண்டும் நாலும் அப்படித்தான். மூன்றைக் கழற்றினபோது ஒரு வித்தியாசமும் இல்லை. அதாவது ஏற்கெனவே வேலை செய்யாததைத்தான் கழற்றியிருக்கிறார். எஞ்சினை நிறுத்தி மூன்றின் பிளக்கை ஒன்றில் போட்டார், ஒன்றினதை மூன்றில் போட்டார். நோவு மூன்றிலேயே நின்றது. அப்படியென்றால் பிளக் குற்றவாளி இல்லை. வயரையும் அதேமாதிரி மாற்றினார், திரும்பவும் மூன்று. பிளக் ஓட்டையில் பெருவிரலை வைத்து எஞ்சினைச் சுற்றச் சொன்னார். மற்றவை தள்ளுகிற அளவுக்கு மூன்றும் விரலைத் தள்ளியது. (கேஜ் இருந்தால் இன்னும் திருத்தமாகச் சொல்லலாம் என்று அவரே சொன்னார்.) பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தார். மூன்றாவது காலிலிருந்து கீழ் விளிம்புவரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

அந்தக் கோடுதான் எல்லாம். மூடியில் ஒரு நுண்ணிய வெடிப்பு. பனியும் மழையும் அதில் ஈரமாய் உட்கார்ந்தால், பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் குறுக்குவழியில் பொடிக்கு ஓடிவிடும். ஓட ஓட அந்த வழி கரியாகி இன்னும் சுகமான பாதையாகும். ஏற்றத்தில் அக்ஸலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும், அந்த அமுக்கத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டக் கூடுதல் வோல்ற் வேண்டும், அந்த நேரம் மின்சாரம் சுலபமான பக்கத்துக்குச் சாயும். மத்தியானம் எஞ்சின் சூட்டில் ஈரம் காயும், வண்டி சுகமாகும். ஏற்றம், மழை, காலை என்று மாமா முதல் நாளே சொன்ன மூன்று அடையாளமும் இந்த ஒரு கோட்டில் வந்து சேர்ந்தன. நாங்கள் பரீட்சைக்கு எழுதிய வேற்றுமை முறை அந்தக் கொட்டகையில் அரை மணித்தியாலம் நடந்தது. எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

மாற்றிப் பார்ப்பதே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை, பெரியவரும் மாற்றித்தானே பார்த்தார். ஆனால் வண்டிக்குள் இருந்ததையே இடம் மாற்றினார், காசு செலவில்லாமல். கடைப் பெட்டியைப் பிரித்து மாற்றுவது வேறு. பிளக் கறுப்பு என்று சொல்லி நாலையும் தூக்கி எறிவதும் அப்படித்தான். பதுளை டவுன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர், அப்புத்தளை 1400க்கும் மேல். மேலே போகப் போகக் காற்று மெலியும், கொழும்பில் செட் பண்ணின காபரேட்டர் அங்கே பெற்றோலைக் கூடுதலாகக் கொடுக்கும். நாலு பிளக்கும் ஒரேமாதிரி கறுத்திருந்தால் அது கலவையின் கதை. ஒன்று மட்டும் நனைந்து கறுத்திருந்தால்தான் அந்த சிலிண்டரின் கதை.

புது வண்டிக்காரர்கள் சிரிக்கவேண்டாம். ஸ்கேனர் போட்டால் பி0303 என்று வரும். அது மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது, எதனால் என்று சொல்லவில்லை. அந்த இலக்கத்தைக் காட்டியே கொயில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி கொஞ்சம் எங்களையே திட்டவேண்டும். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர். ஒரு சிலிண்டர் எரியாத எஞ்சின் நாலில் ஒரு பங்கு பெற்றோலைக் குடித்துவிட்டுச் சும்மா வெளியே தள்ளும். அந்த வரிசையில் ராத்திரி பகலாக நின்ற நாங்கள், வண்டியைச் சரியாகப் பார்க்கிற ஒருவருக்குக் காசு கொடுக்க மட்டும் தயங்குகிறோம். மூடியின் விலை 2800. பார்த்த கூலி 1500 என்றார் பெரியவர். 28,000ஐ எண்ணிக் கொடுத்த அதே மாமா கேட்டார்: “என்னாண்ணே, பாத்ததுக்கு 1500ஆ? ஒண்ணும் மாத்தலையே?”

மூன்று கராஜ்காரர்களும் கள்ளர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. பெட்டிக்குக் காசு தருவோம், யோசனைக்குத் தரமாட்டோம் என்று அவர்களுக்கு நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம். அரை மணித்தியாலம் யோசித்தால் பட்டினி, கொயில் விற்றால் சோறு என்றால் எந்த மனிதன் யோசிப்பான்? பார்க்கும் கூலியை பில்லில் தனி வரியாகப் போடுங்கள், நாங்கள் தருகிறோம். கழற்றின பழைய சாமானைக் கையில் கொடுங்கள். எந்த சிலிண்டர், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள், தமிழில் எழுதினால் மாமா வாசிப்பார்.

இன்னொன்று. அந்தப் பெரியவரிடம் ஒரு சான்றிதழும் இல்லை. அனுபவத்தைச் சோதித்தே என்விகியூ கொடுக்கிற வழி நைட்டாவில் இருக்கிறது. அதைச் சொன்னோம். “எனக்கு எதுக்கு தம்பி, இந்தப் பயலுக்கு எடுத்துக் குடுங்க” என்று ஸ்பேனர் கழுவிக்கொண்டிருந்த பேரனைக் காட்டினார். அந்தப் பயலும் தைப்பொங்கலுக்குப் பிறகு கொழும்பில் ஒரு புடவைக்கடைக்குப் போகப்போவதாகச் சொன்னான். படிவத்தை நிரப்புவதாகச் சொல்லியிருக்கிறோம். கலைப்பீடத்தால் முடிந்தது அதுதான்.

மாமா அன்றைக்கு 1000 கொடுத்தார். மீதி 500ஐ அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகனே கொண்டுபோனான். பெரியவர் வாங்கிப் பையில் வைத்துவிட்டு, பழைய மூடியைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அது இப்போது எங்கள் அறை ஜன்னலில் இருக்கிறது. வெயில் படும்போது அந்தக் கோடு நன்றாகத் தெரிகிறது.