"சிஸ்டம் அப்டேட், நாளைக்கு வாங்க"



பசறை, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து பதுளை டவுனுக்கு வருபவருக்கு இந்த ஒரு வார்த்தையால் அன்றைய பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு. அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதைத் தள்ளிப்போட்டதன் விலையை 2023 ஓகஸ்ட்டில் பார்த்தோம். பழைய மென்பொருளில் ஓடிய அரச மின்னஞ்சலை ரென்சம்வெயார் தாக்கியது. பெக்கப்பும் சேர்ந்தே போனது. சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இல்லாமல் போயின.

நாம் கேட்பது இவ்வளவுதான்: பழையது ஓடும்போதே பக்கத்தில் புதியதை நிறுவிச் சோதியுங்கள். சரியென்றால் இரவில் மாற்றுங்கள். பெக்கப்பை வேறிடத்தில் வையுங்கள். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் முந்திய நாளே தோட்டங்களுக்கு அறிவியுங்கள். தெரியாமல் வந்தவரிடம் கடதாசிப் படிவத்தையாவது வாங்கி வையுங்கள்.