ரயிலில் இரண்டு போலீஸ்; புகாருக்கு எந்த வாசல்?

சனிக்கிழமை மாலை கழக்கூட்டம் ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் நம்மவர்கள் பலரைக் காணலாம். கட்டட வேலைக்கு வந்தவர்கள், கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள் என்று பலரும் ஒரு வாரச் சம்பாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் பக்கம் வண்டி ஏறுகிறார்கள். அந்தப் பணம் வழியில் பறிபோனால் யாரிடம் போய்ச் சொல்வது? அங்கேதான் குழப்பம் ஆரம்பமாகிறது.

ரயிலில் காவலுக்கு வருவோர் இரண்டு வகை. ஒன்று ரயில்வே பாதுகாப்புப் படை. இது மத்திய அரசுடையது. ரயில்வேயின் சொத்துக்களைக் காக்க 1957-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்டது. 1985-ல் இதற்கு மத்திய அரசின் ஆயுதப் படை என்ற அந்தஸ்து வந்தது. பயணிகளின் பாதுகாப்பும் இதன் கடமை என்பது 2003-ம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. மற்றொன்று ரயில்வே போலீஸ். இது மாநிலப் போலீசின் ஒரு பிரிவு. செலவில் பாதியை ரயில்வேயும் பாதியை மாநில அரசும் ஏற்கின்றன. திருட்டு, வழிப்பறி, அடிதடி போன்ற குற்றங்களில் வழக்குப் பதிந்து துப்புத் துலக்குவது இவர்கள் பொறுப்பு.

இந்த வித்தியாசம் பயணிக்கு எப்படித் தெரியும்? பாறசாலைக்கும் குழித்துறைக்கும் இடையே ஒருவர் பையைப் பறிகொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கண்ணில் பட்டவரிடம் ஓடினால், "அது எங்கள் வேலை அல்ல, அங்கே போ" என்பார். அங்கே போனால், "சம்பவம் கேரளத்திலா, தமிழ்நாட்டிலா?" என்று கேள்வி வரும். ஓடும் ரயிலில் எல்லைக் கல்லைப் பார்த்துக்கொண்டா திருடன் கை வைக்கிறான்? இரண்டு நாள் அலைந்தால் இரண்டு நாள் கூலி போகும். போனது போகட்டும் என்று மனிதர் புகாரையே கைவிட்டுவிடுவார்.

ஆகவே இரண்டையும் ஒன்றாக்குங்கள் என்ற குரல் நெடுநாளாக எழுகிறது. பாதுகாப்புப் படையினரை அந்தந்த மாநிலப் போலீசிலேயே சேர்த்துவிடலாம் என்பது ஒரு யோசனை. அதிகாரம் முழுவதையும் பாதுகாப்புப் படைக்கே கொடுக்கலாம் என்பது அதற்கு நேர் எதிரானது. படையின் அதிகாரத்தைக் கூட்டச் சட்டம் திருத்தும் பேச்சு 2012-ல் வந்தபோது மாநில முதலமைச்சர்கள் சிலர் எதிர்த்தார்கள். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை ரயில்வே போலீசையும் சேர்த்தே மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. அவர்கள் எதிர்த்ததில் நியாயம் உண்டு.

மாநிலப் போலீசில் கரைத்துவிடும் யோசனையும் நமக்கு உகந்ததல்ல. திருவிழா, தேர்தல், மந்திரி வருகை, ஊர்வலம் என்று எதற்கெடுத்தாலும் ஆள் போதாமல் தவிப்பது மாநிலப் போலீஸ். ரயில் காவலில் பழகியவர்களை அதில் சேர்த்தால், நாளடைவில் அவர்களும் பந்தோபஸ்துக்கே போவார்கள். பெட்டிகளில் காவல் குறையும். மேலும், ரயில் ஒரு மாநிலத்தோடு நிற்பதில்லை.

கழக்கூட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2024 ஆகஸ்டில், அசாமிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தின் 13 வயதுச் சிறுமி இங்கிருந்து காணாமற் போனாள். சக பயணி ஒருவர் எடுத்த புகைப்படத்தால், அவள் கன்னியாகுமரி ரயிலில் சென்றது தெரிந்தது. கன்னியாகுமரியில் தேடினார்கள். அவளோ சென்னை சென்று, அங்கிருந்து வடக்கே வண்டி ஏறிவிட்டாள். மறுநாள் இரவு விசாகப்பட்டினத்தில் அவளைக் கண்டுபிடித்தவர்கள், செய்தி அறிந்து ரயில் பெட்டிகளில் தேடிய அவ்வூர் மலையாளிச் சங்கத்தார். இரண்டு நாளில் மூன்று மாநிலங்கள்! நாடெங்கும் ஒரே தலைமையில் இயங்கும் படையை மாநிலவாரியாகத் துண்டு போட்டால், இப்படிப்பட்ட தேடல் இன்னும் கடினமாகும்.

படைகள் இரண்டாகவே இருக்கட்டும். புகார் வாசல் ஒன்றாகட்டும் என்பதே நம் கருத்து. பயணி யாரிடம் சொன்னாலும் அவர் எழுதி வாங்கிக்கொண்டு, உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அலைய வேண்டியது காகிதம், பயணி அல்ல. இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். "எங்கள் எல்லை அல்ல" என்ற பதில் இனிச் செல்லாது.

மொழியைக் கண்டும் நம்மவர்கள் தயங்க வேண்டாம். மத்திய, மாநில அரசுகளின் எந்த அதிகாரிக்கும் குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ அந்தந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு. தமிழில் எழுதுங்கள். ரயிலில் ஆபத்து என்றால் 139-க்குப் போன் செய்யுங்கள். எழுதத் தெரியாதவருக்கு உடன் வேலை பார்க்கும் குமாஸ்தா எழுதிக் கொடுக்கட்டும். விசாகப்பட்டினத்து மலையாளிகள் ஓர் அசாமியக் குழந்தைக்குச் செய்ததை, இங்குள்ள தமிழர் நாம் பிறருக்கும் நமக்கும் செய்துகொள்ளக் கூடாதா?

புகாரே போகாவிட்டால் கணக்கில் குற்றமே இல்லை. கணக்கில் குற்றம் இல்லாத இடத்துக்குக் காவலும் வராது.