ஒரு மாநாடு ரத்தானால் நஷ்டம் யார் தலையில்?

2020 பிப்ரவரி 29, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் டென்வர் நகரில் இயற்பியல் ஆய்வாளர்கள் பலர் ஹோட்டலில் வந்து இறங்கிவிட்டார்கள். வேறு பலர் பாதி வழியில் இருந்தார்கள். திங்கட்கிழமை காலை, அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் ‘மார்ச் மீட்டிங்’ தொடங்க வேண்டும். பத்தாயிரம் பேருக்கு மேல் எதிர்பார்க்கப்பட்ட கூட்டம் அது. அப்போதுதான் அறிவிப்பு வந்தது: மாநாடு ரத்து.

மாநாடு தொடங்க 36 மணி நேரம்கூட இல்லை. காரணம், அப்போதுதான் உலகம் உச்சரிக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெயர்: கோவிட்-19.

‘ரத்துதானே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று வெளியில் இருப்பவர்கள் சொல்லிவிடலாம். ஆனால் விமான டிக்கெட் போட்ட மாணவருக்கும், ஹாலுக்கு முன்பணம் கட்டிய சங்கத்துக்கும், ஸ்டால் அமைக்கப் பணம் கொடுத்த சிறு நிறுவனத்துக்கும் அன்றிரவே ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. அந்தக் கணக்கை ஒரு சங்கம் எப்படி முடிக்கிறது என்பதில்தான் அதன் குணம் தெரியும். ரத்து செய்வது தவறல்ல. ரத்தின் செலவை யார் மீது ஏற்றுகிறார்கள் என்பதே கேள்வி.

கம்பெனிக்கும் சங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு கம்பெனி நிகழ்ச்சி நடத்தினால், டிக்கெட் வாங்குபவர் வாடிக்கையாளர். அவ்வளவுதான். உறுப்பினர் அமைப்பில் கதை வேறு. டிக்கெட் வாங்குபவரே அமைப்பின் சொந்தக்காரரும்கூட. சந்தா கட்டுகிறார், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார், ஆய்வுக் கட்டுரைகளைச் சம்பளம் இல்லாமல் மதிப்பிட்டுத் தருகிறார்.

சிக்கல் இங்கேதான். பல சங்கங்களுக்கு ஆண்டு மாநாடு ஒரு முக்கியமான வருமான வழி. மாநாட்டில் மிஞ்சும் பணத்தில்தான் ஊழியர் சம்பளம், உதவித்தொகை, வருஷம் முழுக்க நடக்கும் வேலைகள் எல்லாம் ஓடும். கட்டணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தால் சங்கத்தின் கஜானா காலி. கொடுக்காவிட்டால் உறுப்பினரின் நம்பிக்கை காலி. இரண்டையும் ஒரே இரவில் காப்பாற்ற முடியாது.

பார்சிலோனாவில் முதலில் விலகியது யார்?

டென்வருக்கு இரண்டு வாரம் முன்பே இதே சிக்கல் ஸ்பெயினில் பெரிய அளவில் வெடித்திருந்தது. பலர் கையில் இருக்கும் போனோடு நேரடித் தொடர்புள்ள கதை அது.

ஜிஎஸ்எம்ஏ என்பது உலகின் மொபைல் சேவை நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம். அது 2006 முதல் பார்சிலோனாவில் ‘மொபைல் வேர்ல்டு காங்கிரஸ்’ நடத்திவருகிறது. 2019இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2020இல் பிப்ரவரி 24 முதல் 27 வரை நடத்துவதாகத் திட்டம். நகரத்துக்குக் கிடைக்கும் பொருளாதாரப் பலன் சுமார் 49 கோடி யூரோ என்றும், 14,000 தற்காலிக வேலைகள் உருவாகும் என்றும் மதிப்பிட்டிருந்தார்கள்.

பிப்ரவரி தொடக்கத்தில் எல்ஜி விலகியது. பிறகு எரிக்சன், என்விடியா, அமேசான், சோனி, இன்டெல் என்று வரிசையாகப் பெயர்கள் உதிர்ந்தன. ஜிஎஸ்எம்ஏ சமாளிக்கப் பார்த்தது. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வருபவர்களுக்கு அனுமதி இல்லை, சீனாவில் இருந்தவர்கள் வெளியேறி 14 நாள் ஆனதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், வாசலில் காய்ச்சல் பரிசோதனை, கை குலுக்க வேண்டாம் என்று விதிகள் வந்தன.

ஆனால் வோடபோன், டாய்ச் டெலிகாம், பிடி ஆகியவையும் வரவில்லை என்றபோது கதை முடிந்தது. இவை வெளியாட்கள் இல்லை. மொபைல் சேவை நிறுவனங்கள், அதாவது சங்கம் யாருக்காக இருக்கிறதோ அவர்கள். உறுப்பினர்களே வராத கூட்டத்தைச் சங்கம் யாருக்காக நடத்துவது? பிப்ரவரி 12 அன்று ரத்து அறிவிக்கப்பட்டது.

முடிவு எடுத்தது நிர்வாகம் என்று பதிவாகியிருக்கலாம். ஆனால் ஓட்டு போட்டது உறுப்பினர்கள்தான், காலால்.

‘அரசு தடுக்கவில்லையே’ என்ற வாதம்

அன்று ஸ்பெயின் சுகாதார அமைச்சரும் பார்சிலோனா மேயரும் சொன்னது என்ன தெரியுமா? மாநாட்டை ரத்து செய்யச் சுகாதாரக் காரணம் எதுவும் இல்லை என்பதுதான். நகரின் பெயரைக் காப்பாற்ற அவர்கள் அப்படிச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஜிஎஸ்எம்ஏவுக்கு அந்த வார்த்தை பெரிய தலைவலி.

ஏன்? மாநாட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ‘ஃபோர்ஸ் மஜூர்’ என்ற ஒரு பிரிவு இருக்கும். போர், வெள்ளம், அரசுத் தடை என நம் கையை மீறிய ஒன்று நடந்தால் ஒப்பந்தத்தை நிறைவேற்றாததற்கு அபராதம் இல்லை என்பது அதன் சாரம். அரசே நிறுத்தச் சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுவது சுலபம். காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்பதும் சுலபம். ‘ஆபத்து இல்லை’ என்று அரசு சொல்லும்போது அமைப்பு தானாக நிறுத்தினால், ‘இது உங்கள் விருப்பம்’ என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கிடைத்துவிடும்.

அதனால்தான் பல அமைப்புகள் கடைசி நிமிஷம் வரை காத்திருக்கின்றன. அலட்சியம் என்று வெளியே தெரிவதற்குப் பின்னால் சில நேரம் ஒரு வழக்கறிஞரின் ஆலோசனை இருக்கும். ஆனால் அந்தக் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் இன்னும் சிலர் விமானம் ஏறிவிடுகிறார்கள்.

பின்னால் நடந்ததைப் பாருங்கள். பார்சிலோனாவில் முதல் தொற்று உறுதியானது பிப்ரவரி 25 அன்று. மாநாடு நடந்திருந்தால் அது இரண்டாம் நாள். டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தில் முதல் தொற்று உறுதியானது மார்ச் 5 அன்று. அங்கே அது நான்காம் நாளாக இருந்திருக்கும். இரண்டு சங்கங்களும் எடுத்த முடிவு சரிதான் என்று காலண்டரே சொல்லிவிட்டது.

பணம் எப்படித் திரும்பியது?

ஜிஎஸ்எம்ஏ எல்லோரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. டிக்கெட் வாங்கிய பார்வையாளர்களுக்கு முழுத் தொகை. 5,000 பவுண்டு வரை செலவழித்த சிறு கண்காட்சியாளர்களுக்கும் முழுத் தொகை. அதற்கு மேல் கட்டியவர்களுக்கு இரண்டு வழி: பாதிப் பணத்தை, ஒன்றரை லட்சம் பவுண்டு உச்சவரம்புக்குள் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது கட்டியதில் 125 சதவீதத்தை அடுத்த மூன்று மாநாடுகளில் கழித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. தாங்க முடியாதவருக்கு முதலில், முழுசாக. தாங்கக்கூடியவருக்குப் பிறகு, பகுதியாக. இன்னொரு பக்கமும் இருக்கிறது. 125 சதவீதம் என்பது தாராளம் போலத் தெரிந்தாலும் அது கையில் வரும் காசு இல்லை. ‘மறுபடி வாருங்கள்’ என்ற அழைப்பு. பெரிய நிறுவனம் வரும். 6,000 பவுண்டு கட்டிவிட்டு அந்த வருஷத்தோடு கடையை மூடிய ஸ்டார்ட்-அப்புக்கு அந்தக் கூப்பன் எதற்கு?

டென்வரில் இயற்பியல் சங்கம் பதிவுக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தருவதாக அறிவித்தது. பேச இருந்தவர்கள் பலர் தங்கள் உரைகளை ஆன்லைனில் கொடுத்தார்கள். ‘விர்ச்சுவல் மார்ச் மீட்டிங்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. கட்டடம் பூட்டப்பட்டது, கூட்டம் வேறு வழியில் நடந்தது. சங்கம் என்பது ஹால் இல்லை, ஆட்கள்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனாலும் ஒரு ஓட்டை மிச்சம். பதிவுக் கட்டணம் திரும்பினாலும் விமான டிக்கெட், விசா கட்டணம், தங்குமிடம் எல்லாம் சங்கத்தின் கணக்கில் வராதவை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு மாணவருக்குப் பெரும்பாலும் பதிவுக் கட்டணத்தைவிட இவைதான் பெரிய செலவு. சங்கத்தின் பேலன்ஸ் ஷீட்டில் தெரியாத நஷ்டம், உறுப்பினரின் கிரெடிட் கார்டு பில்லில் தெரியும்.

விம்பிள்டன் சொல்லும் பாடம்

மாநாடு இல்லை, டென்னிஸ் போட்டி. ஆனால் அதை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப்பும் உறுப்பினர் அமைப்புதான். 2020 ஏப்ரல் 1 அன்று அது அந்த ஆண்டுப் போட்டியை ரத்து செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதல் முறை. ஆனால் அந்த கிளப்பிடம் பெருந்தொற்றையும் உள்ளடக்கிய காப்பீடு இருந்தது. தொற்றே இல்லாத வருஷங்களில் பிரீமியம் கட்டுவது வீண் செலவு போலத்தான் தெரிந்திருக்கும்.

பலன் என்ன? அந்த ஜூலையில், ஆடாத போட்டிக்காக 620 வீரர்களுக்கு ஒரு கோடி பவுண்டு பிரித்துக் கொடுக்கப்பட்டது. பிரதானச் சுற்றில் இடம்பெற்றிருக்கக்கூடிய ஒற்றையர் வீரர்கள் 256 பேருக்குத் தலா 25,000 பவுண்டு. தகுதிச் சுற்றில் ஆடியிருக்கக்கூடிய 224 பேருக்குத் தலா 12,500. தகுதிச் சுற்றோடு திரும்பும் வீரருக்கு அந்தத் தொகைதான் அந்த வருஷத்தைத் தாண்டவைக்கும் காசு.

மறுபக்கம், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடக்கும் ‘சவுத் பை சவுத்வெஸ்ட்’ விழா. இது சங்கம் இல்லை, நிறுவனம். 2020 மார்ச் 6 அன்று நகர நிர்வாகமே விழாவை நிறுத்தியது. அவர்களின் காப்பீட்டில் தொற்றுநோய் அடங்கவில்லை. சில நாட்களிலேயே ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு வேலை போனது. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தராமல் அடுத்த ஆண்டுகளுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னதால் வழக்கும் வந்தது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு பிரிவு, அதற்கான பிரீமியம். அவ்வளவுதான்.

அப்போ என்ன செய்ய வேண்டும்?

நெருக்கடி வந்த பிறகு நல்லவர்களாக இருப்பது கஷ்டம். பணம் இல்லாத சங்கத்தால் தாராளமாக இருக்க முடியாது. அதனால் நியாயம் என்பது முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

முதலாவது, ஒரு மாநாடு முழுசாகப் போனாலும் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு நிதி. அதைச் சேர்க்க ஒவ்வொரு மாநாட்டிலும் கொஞ்சம் எடுத்து வைப்பதை உறுப்பினர்கள் முணுமுணுக்காமல் ஏற்க வேண்டும்.

இரண்டாவது, பணம் திரும்பும் விதி பதிவுப் படிவத்திலேயே எளிய மொழியில் இருக்க வேண்டும். யாருக்கு முதலில், எத்தனை நாளில், ரொக்கமா கூப்பனா என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரிய வேண்டும்.

மூன்றாவது, முடிவெடுக்க ஒரு தேதி. இந்த நாளுக்குள் சொல்லிவிடுவோம் என்று அறிவித்தால், உறுப்பினர் அதற்குத் தகுந்த மாதிரி டிக்கெட் போடுவார். அந்தத் தேதிக்குப் பிறகு ரத்து வந்தால், மாணவர்களின் பயணச் செலவுக்கு ஒரு சிறு உதவி நிதியாவது இருக்க வேண்டும். இதுதான் இன்றும் அதிகம் கவனிக்கப்படாத இடம்.

பார்சிலோனா மாநாடு 2021இல் சுமார் 20,000 பேரோடு தட்டுத்தடுமாறி எழுந்தது. 2024இல் மறுபடி ஒரு லட்சத்தைத் தாண்டியது. இயற்பியலாளர்கள் 2021இல் திரையில் கூடி, 2022இல் சிகாகோவில் நேரில் சந்தித்தார்கள். மாநாடுகள் பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலில், 2020இல் கைக்காசு போட்டு டிக்கெட் வாங்கிவிட்டு மறுபடி வர முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற எண் இல்லை.

உங்கள் தொழில்முறைச் சங்கத்தின் அடுத்த மாநாட்டுக்குப் பதிவு செய்யும்போது, பேச்சாளர் பட்டியலைப் பார்க்கும் முன் ஒரு நிமிஷம் கீழே ஸ்க்ரோல் செய்து ரத்து விதியைப் படியுங்கள். அங்கே எதுவும் இல்லை என்றால், பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். நீங்கள் அங்கே வாடிக்கையாளர் மட்டும் இல்லை.