ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கு மனநல மருத்துவர் வேண்டும்

ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசைகட்டி நிற்கும் ஒரகடத்தில் ஷிஃப்ட் மாறினால் தூக்கமும் மாறுகிறது. தூக்கம் கெட்டால் படபடப்பு. படபடப்பால் மறுபடி தூக்கக்கேடு. இந்தச் சுழலில் சிக்கியவருக்கு, அறையில் உடன் தங்கியிருப்பவர் நீட்டும் ஒரு அல்பிரஸோலாம் மாத்திரை வரமாகத் தெரிந்தால் அதில் வியப்பில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சின் படபடப்பு அடங்கும் என்பது உண்மைதான். நரம்புகளின் பரபரப்பைத் தணிக்க மூளையிலேயே சுரக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மாத்திரை கூட்டிவிடுகிறது. ஆனால் சில வாரங்களில் மூளை அதற்குப் பழகிவிடும். பழைய அளவு போதாது. திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. மாத்திரை மயக்கம் தெளியாமல் பிரஸ் மெஷின் முன்னால் நிற்பது என்னவென்று ஒரகடத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் நீடித்த பதற்றத்துக்கு மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகளை. இவை செரட்டோனின் வழியாக வேலை செய்பவை. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். ஆரம்பத்தில் குமட்டலும், சிலருக்குக் கூடுதல் படபடப்பும் வரும். இதை முன்கூட்டியே பொறுமையாகச் சொல்ல ஒரு டாக்டர் இல்லையென்றால், நல்ல மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி அந்த உடனடி மாத்திரையைத்தான் தேடுவார்கள்.

அல்பிரஸோலாமைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் அமலில் உள்ள, மருந்து விதிகளின் ஹெச்-1 அட்டவணைப்படி, வாங்குபவர் பெயரையும் எழுதித்தந்த மருத்துவர் பெயரையும் மருந்துக்கடை தனிப் பதிவேட்டில் குறித்து, 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை அதிகாரிகள் புரட்டிப் பார்க்கட்டும். ஆனால் கடையை மட்டும் கெடுபிடி செய்தால் போதாது. டாக்டரைப் பார்க்க ஒருநாள் சம்பளம் போகுமென்றால் யாரும் குறுக்குவழியைத்தான் நாடுவார்கள்.

ஆகவே ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் இஎஸ்ஐ மருந்தகங்களில், ஷிஃப்ட் முடிந்து வருவோருக்குத் தோதான நேரத்தில், வாரம் இருநாளாவது மனநல மருத்துவர் உட்கார வேண்டும். 12 மணி நேர வேலைக்கான தமிழக அரசின் சட்டத்திருத்தத்தை எதிர்த்து, 2023 மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறவைத்தவை தொழிற்சங்கங்கள். இந்தக் கோரிக்கையையும் அவை கையில் எடுக்கட்டும்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிட வேண்டாம். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள். மனம் தாங்காத வேளையில் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் பேசலாம்.