படமில்லாத பாட்டன் பாலம் கடப்பது எப்படி?

'கோகோ' திரைப்படத்தின் இரண்டாம் பாகம் 2029இல் வெளிவரும் என்று டிஸ்னி நிறுவனத்தார் 2025ஆம் ஆண்டு அறிவித்தார்கள். முதல் பாகத்தைப் பார்த்துக் கண்கலங்கியோர் தமிழ் வாசகரிடையிலும் பலர் உண்டு. அவர்களுக்கு இது நற்செய்தி. நமக்கோ அச்செய்தி, தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிட்ட ஒரு பழைய வழக்கை நினைவூட்டியது. வழக்குத் தொடுத்தவன் நம் வகுப்பு மாணவன். காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை.

நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காக ஒரு பிற்பகல் அந்தப் படத்தை வகுப்பில் திரையிட்டோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அவன் எழுந்தான். "ஐயா, எங்க தாத்தாவுக்குப் போட்டோவே கெடையாது. அப்ப அவரு அந்தப் பாலத்துல வர முடியாதா?" வகுப்பு சிரித்தது. நாமும் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அன்று கொடுத்திருக்க வேண்டிய பதிலைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

படத்தைக் காணாதவர்களுக்காகக் கதையைச் சொல்லியாக வேண்டும். அது ஒரு மர்மக் கதையும் ஆகையால் முடிச்சு அவிழ்ந்துவிடும், பொறுத்தருள்க. லீ அன்கிரிச் இயக்கத்தில், ஏட்ரியன் மொலினாவின் துணையோடு 2017இல் பிக்சார் வெளியிட்ட அனிமேஷன் படம் அது. மெக்சிகோவின் சிற்றூர் ஒன்றில் செருப்புத் தைக்கும் ரிவேரா குடும்பம். நான்கு தலைமுறைக்கு முன் ஒருவன் கித்தாரைத் தூக்கிக்கொண்டு பாடப் போனான், திரும்பவில்லை. அன்றிலிருந்து அவ்வீட்டில் பாட்டு என்ற சொல்லுக்கே தடை. படையல் மேடையில் இருக்கும் குடும்பப் படத்திலும் அவன் தலை கிழிக்கப்பட்டிருக்கிறது. கிழிந்த முகம் யாருடையது என்பதுதான் மர்மம். பன்னிரண்டு வயது மிகெல், அது புகழ்பெற்ற பாடகர் எர்னெஸ்தோ தெ லா குரூஸ் என்று நம்பி, இறந்தோர் திருநாளன்று அவருடைய கல்லறை மாடத்துக் கித்தாரை எடுக்கப்போய் இறந்தோர் உலகில் விழுகிறான். அங்கே தெரியவருகிறது உண்மை. முகம் கிழிந்தவன் எக்தோர் என்ற பெயரறியாப் பாட்டுக்காரன். வீடு திரும்ப மூட்டை கட்டியவனை நஞ்சிட்டுக் கொன்று, அவன் பாடல்களைத் தன் பாடல்களாக்கிப் பெரும்புகழ் பெற்றவனே தெ லா குரூஸ்.

அவ்வுலகுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கொரு நாள் செவ்வஞ்சள் பூவிதழ்களாலான பாலத்தின்மேல் நடந்து இறந்தவர்கள் வீட்டுக்கு வரலாம். ஆனால் வீட்டுப் படையலில் அவர்களுடைய படம் இருக்க வேண்டும். பாலத்தின் முகப்பில் விமான நிலையத்துக் குடியேற்ற அதிகாரியைப் போல ஒருவர் அமர்ந்து முகத்தைச் சரிபார்த்து அனுப்புகிறார். படமில்லாத எக்தோர் ஓவியர் ஃபிரீடா காலோவின் வேடம் போட்டு வந்து பிடிபடுவது நல்ல நகைச்சுவை. பூமியில் ஒருவர் நினைவிலும் இல்லாமற் போனவர்க்கு அங்கேயும் இரண்டாவது சாவு உண்டு. எக்தோரின் நண்பன் சிச்சரோன் தூளிக்கட்டிலில் படுத்தபடி ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒளித்துகளாய்க் கரைந்துபோகும் காட்சியைக் குழந்தைகளுக்கான படத்தில் வைக்கத் துணிந்தமைக்கே இப்படக்குழுவினரைப் பாராட்டலாம்.

சிச்சரோன் வாழுமிடத்தை வாசகர்கள் மறுமுறை பார்க்கையில் உற்று நோக்க வேண்டுகிறோம். தெ லா குரூஸ் கோபுர மாளிகையில் இருக்கிறான். அன்பர்கள் படைத்த பண்டங்கள் அங்கே குவிந்துகிடக்கின்றன. மறக்கப்பட்டோரோ நீரோரத்தில் கால் நட்ட பலகைக் குடிசைகளில் இருக்கிறார்கள். அங்கே எல்லாரும் எக்தோரை உறவுமுறை சொல்லி அழைக்கிறார்கள். உன் சொந்தக்காரர்களா என்று மிகெல் கேட்க, படமும் படையலும் இல்லாதவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்கிறோம் என்ற பொருள்பட எக்தோர் விடை சொல்கிறான். "நம்ம குப்பம் மாதிரியே இருக்குடா" என்று இருட்டில் ஒரு குரல் கேட்டது. கேள்வி கேட்ட அதே மாணவன்தான் என்று நினைக்கிறோம். அமெரிக்க விமரிசகர்கள் குடும்பப் பாசம் என்று எழுதித் தள்ளிய படத்தில், வடசென்னைப் பிள்ளை ஒருவன் செத்த பிறகும் விடாத வர்க்க பேதத்தைக் கண்டுவிட்டான்.

இனி, அந்தத் திருநாளுக்கும் நமக்கும் உள்ள தொலைவை அளந்து பார்ப்போம். அது நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் நடப்பது. 2008இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. (டிஸ்னி 2013இல் இத்திருநாளின் பெயரையே வணிக முத்திரையாகப் பதியப் போய், எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியதையும், எதிர்த்துக் கேலிச்சித்திரம் வரைந்த லாலோ அல்கராசையே பின்னர் இப்படத்துக்கு ஆலோசகராக அமர்த்திக்கொண்டதையும் இங்கே குறித்து வைப்போம்.) அதே நவம்பர் 2இல் இராயபுரத்துக்கு வடக்கே காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், கல்லறைத் திருநாளுக்காகக் கிறித்தவக் குடும்பங்கள் கல்லறைகளைக் கழுவிப் பூவிட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மாசி மாதம் மயானக் கொள்ளையன்று அங்காளம்மனோடு சுடுகாட்டுக்கே ஊர்வலம் போகிற நிலமும் இதுதான். படத்தில் பாலமாய் விரிந்த பூவைத்தான் நாம் செண்டுமல்லி என்று பூக்கடையில் முழம்போட்டு வாங்குகிறோம். மெக்சிகோவில் பிறந்து கடல் வணிகரோடு இங்கு வந்த பூ அது. அங்கிருந்தே வந்த மிளகாயைத் திவசச் சமையலில் சேர்க்காதவர் நம்மில் உண்டு. மெக்சிகோப் பூவை மட்டும் இறந்தவர்களிடமிருந்து யாரும் விலக்கவில்லை.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் ஓரிடத்தில் நாம் பிரிகிறோம். அது படம் என்னும் இடம்.

நம் வீடுகளிலும் மாலை போட்டுச் சந்தனப் பொட்டு வைத்த படங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் எப்போது வந்தன? உயிரோடு இருக்கையில் ஸ்டுடியோவுக்குப் போகக் காசில்லாதவர்களை, இறந்தபின் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்துச் சுற்றிலும் உறவினர் நிற்கப் படமெடுத்துக்கொண்ட வழக்கம் தமிழகத்தில் இருந்தது. அந்தப் படங்களில் உயிருள்ளவர்கள்தாம் விறைத்து நிற்பார்கள். நடுவில் இருப்பவர் அமைதியாக இருப்பார். அதற்கும் வசதியற்றவர்கள் 1993இல் தேர்தல் ஆணையம் புகைப்பட அடையாள அட்டையைக் கொண்டுவரும் வரை காத்திருந்தார்கள். இன்று எத்தனையோ எளிய வீடுகளில் பாட்டியின் படமாகத் தொங்குவது வாக்காளர் அட்டையின் தபால்தலையளவு முகத்தைப் பெரிதாக்கியதுதான். அரசாங்கம் சரிபார்ப்பதற்காக எடுத்த படம் தெய்வப்படமாகிவிட்டது. 'கோகோ'வின் பாலத்துச் சோதனைச் சாவடியை இதைவிடப் பொருத்தமாக யாரும் விளக்கிவிட முடியாது. அட்டை வருமுன் இறந்தவருக்கு அதுவும் இல்லை. மாணவனின் தாத்தா அவருள் ஒருவர்.

தமிழ்மரபு இவரைக் கைவிட்டுவிடவில்லை. திருவள்ளுவர் இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவருள் தென்புலத்தாரை முதலில் வைத்தார். அவர்களுக்கு அடையாளம் எதுவும் கேட்கவில்லை. தொல்காப்பியம் வீரனுக்குக் கல் நடுவதை, கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளாக விரிக்கிறது. நடுகல்லில் உருவம் செதுக்கியிருக்கலாம். ஆனால் அது அவனைப்போல் இருக்கிறதா என்று எவரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. வடதமிழகத்தில் திருமணத்துக்கு முன் பூவாடைக்காரியை அழைக்கும் வழக்கத்தைப் பாருங்கள். வாழ்வரசியாய் இறந்த குடும்பப் பெண்ணைக் கிணற்றடியிலோ நீர்த்துறையிலோ நின்று அழைத்து, பூச்சுற்றிய குடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப்புடவை வைத்துப் படைக்கிறார்கள். அவளுக்கு முகம் கிடையாது. குடத்து நீரும் மஞ்சளும் பூவும் புடவையுமே அவள்.

குறுந்தொகைத் தொகுப்பாளர் செய்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாட்டு கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார். முகம் முழுதும் கிழிந்துபோன இந்தப் புலவர்களை ஈராயிரம் ஆண்டுகளாகப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கிறோம். எக்தோருக்கு இப்படியொரு தொகுப்பாளர் வாய்த்திருந்தால் தெ லா குரூஸின் திருட்டு அத்தனை எளிதாய் முடிந்திராது.

உண்மையில் இந்தப் படமும் தன் சட்டத்தைத் தானே நம்பவில்லை என்பதே நம் துணிபு. எக்தோரின் ஒரே படம் தண்ணீரில் போய்விடுகிறது. மிகெல் வெறுங்கையோடு வீடு திரும்பி, நினைவு தப்பிக்கொண்டிருக்கும் கொள்ளுப்பாட்டி கோகோவின் முன் மண்டியிட்டு, அவள் தந்தை அவளுக்காகக் கட்டிய பாட்டைப் பாடுகிறான். சுருங்கிய விரல் அசைகிறது, பாட்டி கூடவே பாடுகிறாள். எக்தோர் காப்பாற்றப்படுவது அந்தக் கணத்தில்தான், பாட்டால்தான். ஆனால் இயக்குநருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நொடியே பாட்டி மேசையறையைத் திறந்து, கிழித்து வைத்திருந்த முகத்துண்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். ஓராண்டு கழித்து ஒட்டிய படம் மேடையில் ஏறுகிறது, சோதனைச் சாவடியில் பச்சை விளக்கு எரிகிறது. அந்த முகத்துண்டு கிடைக்காமலே போயிருந்தால்? பாட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எக்தோர் பாலத்தின்முன் வந்து நின்றிருந்தால்? அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு இரண்டாம் பாகத்துக்காவது இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

படம் இல்லாவிட்டாலும் பாட்டும் பெயரும் இருந்தால் போதும் என்று மாணவனிடம் சொல்லியிருப்போம், காட்டுப்பள்ளியை அறியாதிருந்தால்.

கிழக்கே வங்கக்கடலுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாற்றுக் கழிமுகம் இவற்றுக்கும் இடையே கிடக்கும் மணல் நிலம் காட்டுப்பள்ளி. தெற்கே எண்ணூர், வடக்கே பழவேற்காடு. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைந்தபோது கடலோரத்துக் காட்டுப்பள்ளிக் குப்பம் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டது. துறைமுகத்தை மேலும் விரிவாக்கும் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று இங்கே நம் பேச்சு. அதைப் பேசத் தகுதியுடையோர் கரையிலே இருக்கிறார்கள். 'கோகோ'வில் இறந்தவர்கள் திரும்பி வருவதற்கு வீடு அதே தெருவில் அதே வாசலோடு இருக்கிறது. அதனால் அப்படம் கேட்கவே நேராத கேள்வி ஒன்று இங்கே இருக்கிறது. ஊரே இடம்மாறினால், வருகிறவர் எந்த வாசலுக்கு வருவார்?

வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டி வணிகம் செய்தவர்களின் கல்லறைகள். நுழைவாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மெக்சிகோக்காரர் கண்டால் உறவு கொண்டாடுவார். பெயரும் குலச்சின்னமும் பொறித்த கற்கள் தொல்லியல் துறையின் காவலில் பத்திரமாக உள்ளன. பூவோடு வரத்தான் யாரும் இல்லை. காட்டுப்பள்ளியார்க்குப் பூவோடு வர ஆள்கள் இருக்கிறார்கள், கல்தான் இல்லை.

இதையெல்லாம் பின்னொரு நாள் அந்த மாணவனிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவன் வீட்டு வழக்கத்தைச் சொன்னான். அவனுக்கு இட்டிருப்பது தாத்தாவின் பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். கணவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் பாட்டி அவனை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "பெரியவரே" என்றுதான் கூப்பிடுவார். ஆடி அமாவாசையன்று புது வீட்டில் இலை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வரை எல்லாம் படைத்தாலும் பாட்டிக்கு மனம் ஒப்பாது. "அவரு பழைய ஊட்டுக்குத்தான் போயி நிப்பாரு" என்பாராம். ஆகவே அன்று மாலை பேரனைக் கையோடு கூட்டிக்கொண்டு, பழைய ஊர் இருந்த திசை தெரிகிற இடம் வரை நடந்து போவார். மதில்சுவருக்கு அப்பால் பாரந்தூக்கிகள் தெரியும். பெயரைப் பாட்டி சொல்ல முடியாது. அவனைத்தான் கூப்பிடச் சொல்வார்.

"என் பேரையே நான் சத்தம்போட்டுக் கூப்புடணும் ஐயா. மூணு தடவ. அப்புறம் திரும்பிப் பாக்காம வீட்டுக்கு வந்துடுவோம்."